கல் பெஞ்சு வேண்டாம், நாய்களை விட்டுவையுங்கள்: எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த கூட்டத்தின் தீர்மான நகல் என் கைக்கு வந்து சேர்ந்தது. அதன் மூன்றாவது தீர்மானம், அண்மையில் காலமான என் தாயாரின் நினைவாகப் பூங்கா வாசலில் அவர் பெயர் பொறித்த கல் பெஞ்சு ஒன்றைச் சங்கச் செலவில் அமைப்பது என்கிறது. ஐந்தாவது தீர்மானம், தெருவில் உள்ள நாய்கள் அனைத்தையும் ஆள் வைத்துப் பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுவது என்கிறது. ஒரே மாலையில், ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து இரண்டையும் ஒருமனதாக நிறைவேற்றியிருக்கிறீர்கள். முன்னதற்கு நன்றி சொல்லவும், பின்னதைத் திரும்பப் பெறுமாறு கேட்கவும் இதை எழுதுகிறேன். செயலர் ஐயாவிடம் தனியே பேசியிருக்கலாம்தான். ஆனால் தீர்மானம் சங்கத்தினுடையது, செயலர் ஒருவருடையது அல்ல. தவிர, நம் ஆதம்பாக்கத்தில் மட்டுமன்றிச் சென்னையின் பல பகுதிகளிலும் இதே பேச்சு நடந்துகொண்டிருப்பதால், எல்லோரும் படிக்கும்படி எழுதுவதே முறை என்று பட்டது.

அம்மாவின் இயற்பெயரை நம் தெருவில் அறிந்தவர்கள் மிகக் குறைவு. பெஞ்சில் பொறிக்க வேண்டிய பெயரை வாக்காளர் பட்டியலில் தேடித்தான் கண்டுபிடித்ததாகப் பொருளாளரே என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. இறுதிச் சடங்கன்று நீங்கள் கட்டிய கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் 'வாயில்லா ஜீவன்களின் தாய்' என்று அச்சிட்டிருந்தீர்கள். அன்பால் எழுதிய வரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அதைப் படித்திருந்தால் அம்மா மறுத்திருப்பார். அவர் கணக்கில் அவர் தாயாக இருந்தது எனக்கும் என் தம்பிக்கும் மட்டுமே. நாய்களுக்கு அவர் நர்ஸ். இந்த வேறுபாட்டை விளக்கிவிட்டால், ஐந்தாவது தீர்மானம் ஏன் தவறு என்பது தானாகவே விளங்கிவிடும் என்று நம்புகிறேன்.

அரசு மருத்துவமனை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். காலைப் பணி, மாலைப் பணி, இரவுப் பணி என்று வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்த வேலை. எந்த நாளில் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்பதைச் சமையலறைக் கதவின் பின்புறம் சாக்பீஸால் எழுதிவைப்பார். அதற்குக் கீழேயே எங்கள் இருவரின் தேர்வுத் தேதிகள், தம்பியின் இழுப்பு மருந்து வேளைகள், பால்காரருக்குத் தர வேண்டிய பாக்கி எல்லாம் வரிசையாக இருக்கும். பள்ளியில் தேர்வு நடக்கும் வாரங்களில் மட்டும் யாரிடமாவது கெஞ்சி இரவுப் பணியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பகலில் நாங்கள் படிக்கும்போது அவர் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கணக்கில் நான் பின்தங்கியிருந்த ஆண்டில், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை வார்டுக்கே எடுத்துச்சென்று, நோயாளிகள் உறங்கிய பிறகு தான் முதலில் போட்டுப் பார்த்து, மறுநாள் எனக்குச் சொல்லித்தந்தார். நாய்களுக்குக் கொடுக்கிற நேரத்தைப் பெற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று அந்தக் காலத்தில் சில உறவினர்கள் கேட்டதுண்டு. கேட்டவர்கள் அந்தக் கதவின் பின்புறத்தைப் பார்த்ததில்லை.

நீங்கள் நம்பமாட்டீர்கள், அம்மாவுக்கு நாய் என்றால் முதலில் பயம். பயத்துக்குக் காரணமும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெறிநாய் கடித்து மருந்தெடுக்காமல் விட்ட ஓர் இளைஞரின் கடைசி நாள்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். தாகம் தொண்டையை அடைக்க, தம்ளரை வாயருகே கொண்டுபோனதும் உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும் என்றும், மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டால்கூட அலறுவார் என்றும் சொல்வார். அறிகுறி தோன்றிவிட்டால் ரேபிஸ் என்னும் வெறிநோய்க்கு அன்றும் மருந்தில்லை, இன்றும் ஏறக்குறைய இல்லை என்பதுதான் நிலை. கடிபட்டவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட தலைமுறையையும் சேர்ந்தவர் அவர். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஆட்டு மூளையிலிருந்து தயாராகிவந்த அந்தப் பழைய மருந்தை, 2004இன் இறுதியில் நாடு முழுவதும் கைவிடும்வரை, எத்தனை குழந்தைகளின் வயிற்றில் போட்டிருப்பாரோ, கணக்கே இல்லை. ஆகவே, நாய்க்கடியின் கொடுமை தெரியாமல் நாய்களைக் கொஞ்சியவர் என்று மட்டும் அவரை யாரும் எண்ணிவிட வேண்டாம்.

பயம் போனதற்குக் காரணம் ஒரு கறுப்பு நாய். மாலைப் பணி முடிந்து இரவில் பேருந்து நிறுத்தத்திலிருந்து நம் தெருவுக்கு நடந்து வரும்போது, விளக்கில்லாத அந்தக் காலி மனைகளின் ஓரம் அது கூடவே வரும். அம்மா வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போனதும் திரும்பிப் போய்விடும். சில வாரங்கள் தள்ளியே நடந்தவர், பிறகு கைப்பையில் ஒரு பன் வைத்துக்கொள்ளத் தொடங்கினார். ஓராண்டுக்கும் மேலாக அது நடந்தது. ஒருநாள் நாய் பிடிக்கும் வண்டி வந்து போயிற்று, அதற்குப் பிறகு அந்தக் கறுப்பு நாயைக் காணவில்லை. வண்டியில் போன நாய் திரும்பாது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆங்கிலேயர் காலம் தொட்டுத் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதுதான் இந்நகரத்தின் வழக்கமாக இருந்தது. அத்தனை ஆண்டுகள் கொன்றும் நாய்களும் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை.

அதை மாற்ற வழி உண்டென்று நம் ஊரிலேயே சிலர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது அதற்கெல்லாம் பிறகுதான் அம்மாவுக்குத் தெரியவந்தது. 1959இல் கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1960களின் நடுவிலேயே, நாய்களைக் கொல்வதை நிறுத்திவிட்டுக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று கேட்கத் தொடங்கியது. மாநகராட்சி அதற்குச் செவிசாய்க்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1996இல்தான் கொல்வதைக் கைவிட்டுக் கருத்தடைத் திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்தத் திட்டமே பின்னர் நாடு தழுவிய விதியாக 2001இல் வந்தது. உஷா சுந்தரம் நாட்டின் முதல் பெண் விமானிகளில் ஒருவர். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே விமானமும் ஓட்டி, வீட்டையே விலங்குகளின் மருத்துவமனையாக ஆக்கிய தாய். அவர் 2010இல் மறைந்தபோது செய்தித்தாளில் வந்த படத்தை அம்மா கத்தரித்து, தம் பணி ஓய்வுச் சான்றிதழுக்குப் பின்னால் செருகிவைத்திருந்தார். வேறெந்தப் புகழ்பெற்றவரின் படத்தையும் எங்கள் வீட்டில் அவர் வைத்துக்கொண்டதில்லை.

கறுப்பு நாய்க்குப் பின் அந்த இடத்துக்கு வந்த பெட்டை நாயைக் கோணிப் பையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி அறுவை சிகிச்சைக்கு அழைத்துப்போனது என் சிறுவயதின் தெளிவான நினைவுகளில் ஒன்று. ஒருபுறம் நானும் மறுபுறம் தம்பியும் அமர, நடுவில் அது எங்கள் மடியில் படுத்திருந்தது. ஆட்டோக்காரர் கூலியை இரட்டிப்பாகக் கேட்டார். அம்மா பேரம் பேசவில்லை. ஆட்டோக்காரரின் கையிலிருந்த ஆறாத காயத்தைப் பார்த்து, நாளைக் காலை எந்தப் பிரிவுக்கு வந்து யாரைக் கேட்க வேண்டும் என்று சொன்னார். திரும்பும்போது அவர் பாதிக் கூலிதான் வாங்கினார். அம்மா காரியங்களை நடத்திய விதமே அப்படித்தான்.

அப்பாவுக்கு நாய்கள் பிடிக்காது. சோறு போடு, வைத்தியம் பார், ஆனால் ஒன்றுகூட வாசற்படி தாண்டக் கூடாது என்பது அவர் நிபந்தனை. அம்மா அதை ஒருநாளும் மீறியதில்லை, தீபாவளி வெடிச் சத்தத்தில் அவை கேட்டருகே நடுங்கி நின்றபோதுகூட வெளியே சென்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாரே தவிர உள்ளே அழைக்கவில்லை. நிபந்தனையைத் தளர்த்தியவர் அப்பாவேதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர் ஏறிய இரவில், டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படிக் கதவைத் திறந்துவிட்டு, "எல்லாத்தையும் மேல ஏத்து" என்று சொன்னார். மின்சாரமில்லாத அந்த நாள்களில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் நாய்களும், படிக்கட்டில் கீழ்த்தளத்துக் குடும்பங்கள் இரண்டும், எங்கள் வீட்டு அடுப்பில் எல்லோருக்குமான கஞ்சியும் இருந்தன. அந்தக் குடும்பங்களில் ஒன்று இப்போது செயற்குழுவில் இருக்கிறது. குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாய்களும் நாமும் இந்தத் தெருவில் எப்படி இருந்துவந்தோம் என்பதற்கு உங்களிடையே சாட்சிகள் இருக்கிறார்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி, அம்மாவின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அட்டை கிழிந்த நீளக் குறிப்பேடு அது. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம்: நிறம், அடையாளம், படுக்கும் இடம், அறுவை சிகிச்சை நடந்த தேதி, கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் இடும் வெட்டு எந்தப் பக்கம், வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி, அடுத்தது எப்போது. மனிதப் பெயர்களை அவர் நாய்களுக்கு வைத்ததில்லை. படுக்கும் இடமே பெயர்: இஸ்திரி, மளிகை, டிரான்ஸ்ஃபார்மர், மோட்டார் ரூம், மாவு மில். யாரையாவது கடித்தாலோ துரத்தினாலோ அதுவும் தேதியோடு எழுதப்பட்டிருக்கும், ஒளிவுமறைவே கிடையாது. 'டிரான்ஸ்ஃபார்மர்: குட்டி போட்டிருக்கிறது, யாரும் கிட்டே போக வேண்டாம் என்று மூன்று வீட்டிலும் சொல்லியாயிற்று' என்று ஒரு குறிப்பு. நோயாளியின் தலைமாட்டில் தொங்கும் குறிப்புத் தாளை எழுதுகிற அதே கையெழுத்து, அதே சிக்கனம்.

சோறு போடுவதிலும் அவருக்கு விதிகள் இருந்தன. நாளுக்கு ஒருவேளை மட்டும், இரவு ஒன்பதரைக்கு மேல், பிள்ளைகள் தெருவில் இல்லாத நேரத்தில். நொய்யரிசியும் கோழிக் கடையில் கழித்துப்போடுகிற தலையும் காலும் சேர்த்து உப்பில்லாமல் வெந்த சோறு, நாய்க்கொரு தட்டாகத் தள்ளித் தள்ளி வைக்கப்படும். தின்று முடித்ததும் தட்டுகள் திரும்பிவிடும், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளியாயிற்றென்றால் அங்கே நாய் தின்ற சுவடே இருக்காது. பிஸ்கட்டைப் பொட்டலத்தோடு பிரித்து வீசிவிட்டு வண்டியில் போகிறவர்கள்மீது அவருக்கு இருந்த கோபம், நாயைக் கல்லால் அடிப்பவர்கள்மீதுகூட இருந்ததில்லை. கோடையில் வாசலில் வைத்த சிமெண்டுத் தொட்டியை வாரம் இருமுறை கவிழ்த்து, உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவார். டெங்குக் கொசு இடும் முட்டை தொட்டியின் பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது என்பதை அந்த வழியாகப் போகிறவர்களுக்கெல்லாம் பாடமாக நடத்துவார். சுகாதாரக் கேடு என்ற சொல் உங்கள் ஐந்தாவது தீர்மானத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. அம்மா இருந்தவரை அந்தச் சொல்லுக்கு இத்தெருவில் இடம் இருந்ததா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் தீர்மானத்தின் பின்னால் இருக்கும் அச்சம் பொய்யில்லை. அதை நான் மறுக்கவும் இல்லை. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாகி, 43 பேர் வெறிநோயால் இறந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் தடுத்திருக்கக் கூடிய சாவு. நம் தெருவிலும் கடி நடந்திருக்கிறது. மேலே சொன்ன அந்த டிரான்ஸ்ஃபார்மர் நாயின் குட்டியைத் தூக்கப்போன சிறுவன் முழங்காலுக்குக் கீழே கடிபட்டான். அம்மா அவனை முதலில் கொண்டுபோனது மருத்துவமனைக்கு அல்ல, தெருக்குழாய்க்கு. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினார். மஞ்சளோ சுண்ணாம்போ காப்பித் தூளோ வைக்க வந்த கைகளைத் தட்டிவிட்டார். பிறகுதான் ஆட்டோ. காயத்தைச் சுற்றி நோய் எதிர்ப்புப் புரத ஊசி, அடுத்து 0, 3, 7, 28ஆம் நாள்களில் தடுப்பூசி என்று எல்லாவற்றுக்கும் கூடவே போனார். நாயைப் பத்து நாள்கள் தம் கண்காணிப்பில் வைத்திருந்தார்; அது நலமாக இருந்தது. குட்டிகள் பால் மறந்ததும் அதற்கு அறுவை சிகிச்சை முடிந்தது. அதற்குப் பின் அதன் பக்கத்தில் கடி என்று இன்னொரு வரி இல்லை. அந்தச் சிறுவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு இரவுச் சோற்றை எடுத்துப்போய் வைத்தவர்களில் அவனும் ஒருவன்.

இப்போதைய நிலவரத்துக்கு வருகிறேன். நம் தெருவில் இன்று இருப்பவை ஒன்பது நாய்கள். ஏழின் காதில் வெட்டு இருக்கிறது. அவை கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தவை, தேதிகள் நோட்டில் இருக்கின்றன. மீதி இரண்டும் அம்மா நடமாட முடியாமல் போன பிறகு வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்தவை. ஒன்று செம்பட்டை ஆண், மற்றது வெள்ளையில் கறுப்புத் திட்டுள்ள பெட்டை. இருசக்கர வண்டிகளைத் துரத்துவதும், இரவில் ஓயாமல் குரைப்பதும், குப்பைத் தொட்டியைக் கவிழ்ப்பதும் பற்றிச் சங்கத்துக்கு வந்த புகார்களைச் செயலர் ஐயா எனக்குக் காட்டினார். எல்லாமே கடந்த சில மாதங்களில் வந்தவை, நாயின் நிறத்தைக் குறிப்பிட்ட புகார்கள் அனைத்தும் இந்த இரண்டைப் பற்றியவை. ஒரு நர்ஸ் பணியில் இல்லாத சில மாதங்களில் என்ன ஆகும் என்பதைத்தான் அந்தப் புகார்கள் காட்டுகின்றன. நீங்களோ அதை ஒன்பது நாய்களின் குற்றமாகப் படித்திருக்கிறீர்கள்.

ஒன்பதையும் அப்புறப்படுத்தினால் என்ன நடக்கும்? இறைச்சிக் கடையும் குப்பைத் தொட்டியும் காலி மனைகளும் இருக்கும்வரை இத்தெரு நாய்களுக்கு ஏற்ற இடம். தன் எல்லையைக் காத்துக்கொண்டு பிற நாய்களை உள்ளே விடாமல் நிற்கிற ஏழும் போய்விட்டால், அந்த இடத்துக்கு வேறு நாய்கள் வரும். வருகிறவற்றின் காதில் வெட்டு இருக்கும் என்பதற்கோ, அவற்றின் உடம்பில் தடுப்பூசி இருக்கும் என்பதற்கோ யாரும் உறுதிகூற முடியாது. பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாள்களில் ஈனும், ஆண்டுக்கு இருமுறைகூட ஈனலாம். ஓரிடத்து நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டுவந்தால் வெறிநோய் பரவுவது அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒன்பதில் ஏழு என்பது அதற்கும் மேல். அம்மா ஒற்றை ஆளாகக் கட்டிய இந்த அரணை நாமே செலவு செய்து இடிக்கத் தீர்மானம் போட்டிருக்கிறோம். மாநகரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 2024 கணக்கெடுப்பில் தெரிந்த சுமார் 1.8 லட்சம் தெருநாய்களில் கருத்தடை முடிந்தவை நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். நம் தெரு எவ்வளவு முன்னே இருக்கிறது என்பதை இந்த எண்களே சொல்லும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கூட்டத்தில் எவரும் அதை எடுத்துச் சொன்னதாகக் குறிப்பில் இல்லை. தனியார் ஆளை வைத்து நாய்களைப் பிடித்து வேறிடத்தில் விடச் சங்கத்துக்கு அதிகாரமில்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் கருத்தடை விதிகளின்படி, பிடித்த நாயைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பிறகு பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அதே விதிகளில் 20ஆம் விதி, ஒரு பகுதியில் வாழும் நாய்களுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தோளிலேயே வைத்திருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் இடம், நுழைவாயில், மாடிப்படி ஆகியவற்றிலிருந்து தள்ளி இடம் குறிக்க வேண்டும், சிறுவர்களும் முதியோரும் அதிகம் நடமாடாத நேரம் குறிக்க வேண்டும், உணவு வைப்பவர் அசுத்தம் செய்யக் கூடாது என்றெல்லாம் அது விரிகிறது. படித்தபோது அம்மாவின் இரவு நேர ஏற்பாட்டைப் பார்த்து யாரோ எழுதியதுபோல் எனக்குத் தோன்றியது. உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று, வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்ற நாய்களைக் கருத்தடைக்குப் பின் அதே பகுதியில் விட வேண்டும் என்றும், கண்ட இடத்தில் சோறு போடாமல் அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டுமே போட வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்ன ஆணையையும் நான் மறைக்கவில்லை. தெருக்கோடிப் பள்ளி வளாகத்துக்குள் நாய் நுழையாதபடி மதில் இடைவெளியை அடைக்க வேண்டும் என்று அம்மாவே சங்கத்துக்கு எழுதிக்கொடுத்த கடிதத்தின் படி என்னிடம் இருக்கிறது. அந்த இடைவெளி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே, நான் கேட்பது இதுதான். ஐந்தாவது தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். கருத்தடை ஆகாத அந்த இரண்டு நாய்களுக்காக மாநகராட்சியின் 1913 எண்ணில் சங்கத்தின் பெயரால் புகார் பதியுங்கள். தனி ஆள் பதிவதைவிடச் சங்கம் பதிந்தால் வண்டி விரைவில் வரும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறோம். அவை திரும்பக் கொண்டுவந்து விடப்படும்போது காதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளும் வேலையை நான் ஏற்கிறேன். மோட்டார் ரூமின் பின்புறச் சுவரோரம், இப்போதும் சோறு வைக்கிற அந்த இடத்தையே உணவளிக்கும் இடமாகக் குறித்து, நேரத்தையும் எழுதி ஒரு பலகை வைத்துவிடுங்கள். சமைக்கும் பொறுப்பை இஸ்திரிக் கடைக்காரரின் மனைவியும் நானும் பகிர்ந்துகொள்கிறோம், கழுவித் தள்ள அந்தக் கல்லூரி மாணவனும் அவன் நண்பனும் இருக்கிறார்கள். அந்த இடத்துக்கு வெளியே பிஸ்கட் வீசுகிறவர்களைக் கண்டிக்கும் உரிமையைத் தாராளமாகச் சங்கமே வைத்துக்கொள்ளட்டும், அதில் அம்மாவின் முழுச் சம்மதம் உங்களுக்கு உண்டு.

கல் பெஞ்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனதாரச் செய்ய முன்வந்ததை மறுப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம், தம்பியும் அப்படித்தான் தயங்கினான். ஆனால் அம்மா உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே அரிது; தவிரவும் பூங்கா வாசலில் பெஞ்சுகளுக்குப் பஞ்சமில்லை. அதற்கென ஒதுக்கிய தொகையில் பள்ளி மதிலின் இடைவெளியை அடைத்து, மீதியை ஆண்டுதோறும் நாய்களுக்கான வெறிநோய்த் தடுப்பூசிக்கென்று தனியே வைத்தால் எங்கள் இருவருக்கும் மனநிறைவாக இருக்கும். மாநகராட்சி 2025இல் தொடங்கிய தடுப்பூசி இயக்கம் நம் தெருவுக்கு வரும் ஆண்டுகளில் அந்தப் பணம் மிச்சம். வராத ஆண்டுகளில் கைகொடுக்கும். அதற்கு அம்மாவின் பெயரை வைக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அப்படியே வைத்தாலும் வாக்காளர் பட்டியலைத் தேட வேண்டாம், நர்ஸம்மா என்றே எழுதுங்கள்.

நாய்களை அறவே விரும்பாதவர்களும் சங்கத்தில் இருக்கிறார்கள், விரும்ப வேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. அப்பா கடைசிவரை விரும்பவில்லை. ஆனால் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்களில் சில வரிகள் அப்பாவின் கையெழுத்தில் இருப்பதை அம்மா போன பிறகுதான் பார்த்தோம்: அம்மா கண்புரை அறுவைக்குப் படுத்திருந்த வாரங்களில், எந்த நாய் சாப்பிட்டது, எது வரவில்லை என்று தேதியிட்டு எழுதியிருக்கிறார். பிடிக்காத ஒருவர் செய்த அந்த அளவு வேலையைத்தான் சங்கத்திடமும் கேட்கிறேன்.

ஏழு நாய்களுக்கும் அடுத்த தடுப்பூசி வருகிற தை மாதத்தில் போட வேண்டும் என்று நோட்டில் இருக்கிறது. கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே நாள் கேட்டாக வேண்டியிருப்பதால், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மடலைச் சேர்த்துக்கொள்ளுமாறு செயலர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன். நோட்டுப் புத்தகத்தோடு நானும் வருகிறேன். அதற்கு முன்னதாக நாய் பிடிக்கும் ஆளுக்கு முன்பணம் ஏதும் கொடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
நர்ஸம்மாவின் மகள்
ஆதம்பாக்கம், சென்னை